மூன்றாம் எண்ணுக்கு ஓய்வு

பஸ் மந்தைவெளி தாண்டியதும் சட்டைப் பையில் போன் விடாமல் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் பழைய ஹாக்கி கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கிளப் தலைவர் போட்ட செய்தி. கமிட்டி ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது, மூன்றாம் எண் சட்டைக்கு இனி ஓய்வு, கிளப்பில் இனி யாரும் அந்த எண்ணைப் போட்டுக்கொண்டு ஆட மாட்டார்கள். கீழே என் பெயர். பெயருக்கு முன்னால் 'பெனால்டி கார்னர் புலி' என்று ஒரு பட்டம் வேறு.

நிஜப் புலி என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் மெல்லிய பருத்தித் துண்டு, மடியில் ரிப்போர்ட் வைத்த பிளாஸ்டிக் பை, கையில் வெந்நீர் பிளாஸ்க். அடையாறு ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தினமும் தொண்டைக்குக் கரண்டு வைக்கிறார்கள். கதிர்வீச்சு என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அவனுக்கு அது கரண்டுதான்.

"இன்னா மச்சி, போனு அடிச்சிக்கினே கீது?" என்றான். அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேசினாலும் காற்றுதான் பாதி வருகிறது.

"கிளப்பு" என்றேன்.

"சண்டையா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு போனை உள்ளே வைத்தேன். அவனிடம் நான் சொல்லும் முதல் பொய் அல்ல அது. ஆனால் அவன் முகத்துக்கு அரை அடி தள்ளி உட்கார்ந்து சொன்ன பொய், அதனால் கொஞ்சம் கூடவே குத்தியது.

சண்டை நடந்தது உண்மைதான். ஒரு மாதமாக நடந்தது. கிளப் என்று பெயர்தானே தவிர, எங்களுக்கு இப்போது சொந்தமாக ஒரு மைதானம் கிடையாது. ராயப்பேட்டைப் பள்ளிக்கூட மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தோம், அங்கே இன்று கார் நிற்கிறது. பிள்ளைகள் ஒரு டீம் இருக்கிறார்கள், வாடகைக்குப் புல்விரிப்பு மைதானம் எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறார்கள். மற்றபடி கிளப் என்பது முட்டி தேய்ந்த முப்பது கிழவர்களும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான். எங்கேயோ பெரிய அணிகளில் ஆட்டக்காரன் போன பிறகு அவன் எண்ணுக்கே ஓய்வு கொடுத்துவிடுவார்களாம், நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று யாரோ ஒரு புண்ணியவான் கேட்டு வைத்தான். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

ஒவ்வொருவனும் நேரடியாகத் தன் எண்ணைச் சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்ல மாட்டான். வெட்கம். "பதினொன்றாம் நம்பரைப் பற்றி யாருமே பேசவில்லையே" என்று பதினொன்றாம் நம்பர் எழுதுவான். எங்கள் சென்டர் ஃபார்வர்ட் துபாயிலிருந்து தன் பழைய புகைப்படத்தை மட்டும் அனுப்பினான், ஒரு வார்த்தை எழுதவில்லை. படத்தில் ஒன்பது பெரிதாகத் தெரிந்தது. வலது ஓரத்தில் மின்னலாக ஓடிய ஏழாம் நம்பர் செத்துப்போய்விட்டார், அவர் மருமகன் குழுவில் சேர்ந்துகொண்டு மாமனாருக்காக வாதாடினான். எல்லா எண்ணுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டால் பிள்ளைகள் வெறும் உடம்போடுதான் ஆட வேண்டும் என்று ஒருத்தர் எழுதியதற்கு மூன்று பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார்கள். மறுநாளே திரும்பி வந்தார்கள்.

என்னைக் கேட்டிருந்தால் நான் என் கட்சியைச் சொல்லியிருப்பேன். கோல் கணக்கு, மாநில அணி, கோப்பை இதெல்லாம் பேப்பர். ஒரு எண்ணைப் பார்த்ததும் எதிரணிக்காரன் வயிற்றில் புளி கரைந்ததா? அந்த எண் இறங்கினால் நம் ஆட்கள் தலை நிமிர்ந்ததா? அப்படிப்பட்டவன் எண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம். மற்றவனுக்கு ஒரு சால்வை போதும். இந்தக் கணக்குப்படி எங்கள் கிளப்பில் ஒரே ஒரு எண்தான் தேறும். மூன்று. அதைக் கமிட்டி சரியாகத்தான் கண்டுபிடித்தது. ஆளைத்தான் தப்பாகக் கண்டுபிடித்தது.

எப்படி என்று சொல்ல வேண்டும்.

எங்களிடம் மொத்தம் பதினோரு சட்டைகள் இருந்தன. மெரூன் நிறம், முதுகில் வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்த எண். பதினோரு பேர் ஆட்டத்துக்குப் பதினோரு சட்டை போதாதா என்று வாங்கிக் கொடுத்த மகராசன் நினைத்திருப்பார். மாற்று ஆட்டக்காரனுக்கு சட்டை கிடையாது. எவன் வெளியே வருகிறானோ அவன் சட்டையைக் கழற்றி உள்ளே போகிறவனிடம் கொடுக்க வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம், அதில் எங்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

மூன்றாம் எண் எனக்கும் அவனுக்கும் பொது. நான் மயிலாப்பூர்ப் பையன். கோயிலுக்குப் போகிற குடும்பம், அதாவது மாதா கோயில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன், ஆட்டம் நாலு மணி என்றால் மூன்று மணிக்கே வந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் ராயப்பேட்டைக்காரன். வீட்டில் உருது, தெருவில் மெட்ராஸ் தமிழ். பன்னிரண்டு வயதிலிருந்து ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தான். கடை உஸ்தாத் நாலரை மணிக்குத்தான் விடுவார். சைக்கிளை மிதித்து அவன் மைதானத்துக்கு வந்து சேரும்போது சரியாக இடைவேளை.

ஆக, முதல் பாதி நான், இரண்டாம் பாதி அவன். காம்பவுண்டு சுவர் ஓரமாக நின்று நான் சட்டையைக் கழற்றுவேன். வேர்வை சொட்டும். "தூ, இன்னா நாத்தம்டா, வாத்தியாரு வூட்ல சோப்பே வாங்க மாட்டாங்களா?" என்று திட்டிக்கொண்டே அந்த ஈரச் சட்டையைத் தலை வழியாக இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓடுவான். நான் எலுமிச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டு வெறும் பனியனோடு உட்கார்ந்து பார்ப்பேன்.

பார்க்க வேண்டிய காட்சிதான் அது. பெனால்டி கார்னர் கிடைத்தால் எங்கள் பக்கம் ஒரே சத்தமாகிவிடும். ஒருவன் பந்தைத் தள்ளுவான், ஒருவன் நிறுத்துவான், இவன் மூன்றே எட்டில் வந்து அடிப்பான். பந்து கோல் பலகையில் மோதும் சத்தம் தெரு வரைக்கும் கேட்கும். நாளெல்லாம் தடிமனான ரெக்சினை இழுத்துப் பிடித்துத் தைத்த மணிக்கட்டு அவனுக்கு. எனக்கு சாக்பீஸ் வீட்டு மணிக்கட்டு. நான் தடுப்பாட்டக்காரன், சுமாராகத் தடுப்பேன். வாழ்நாளில் நான் அடித்த கோல் இரண்டு. அதில் ஒன்று எதிராளி காலில் பட்டுப் போனது.

கோல் விழுந்ததும் நடுவர் மேசைப் பக்கம் திரும்பி மூன்று விரலைக் காட்டுவார். மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஆட்டத்துக்கு முன்னால் கொடுத்த பட்டியல் இருக்கும். அதில் மூன்றுக்கு நேராக என் பெயர். மாற்று ஆட்டக்காரர்கள் பெயர் அடியில் எண் இல்லாமல் இருக்கும், சட்டையே இல்லாதவனுக்கு என்ன எண் போடுவது? ஆளை மாற்றினால் மேசையில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது விதி. எங்கள் மேனேஜர் இருந்த இடத்திலிருந்தே தலையை ஆட்டுவார், மேசைக்காரரும் பதிலுக்குத் தலையை ஆட்டுவார். அதோடு சரி. அவன் அடித்த ஒவ்வொரு கோலும் என் பெயரில் ஏறியது. மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் வரும்போதும் என் பெயர்தான்.

முதலில் எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. "இன்னா நைனா, நேத்து ரெண்டு கோல் போட்டியாமே, பேப்பர்ல கீது" என்று அவனே என்னைக் கிண்டல் செய்வான். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். அப்பா அந்தத் துணுக்குகளையெல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டிவந்தார். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் பசையைத் தடவி, ஓரம் மடங்காமல் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்துவதைப் பார்த்தால் சொல்லத் தோன்றாது.

பிறகு ஒரு அரசாங்க அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்தார்கள். தடுப்பாட்டக்காரன் ஒருவன் வேண்டும், பெனால்டி கார்னர் அடிக்கத் தெரிந்தவனாக இருந்தால் நல்லது. ஒரே ஒரு இடம். இருவரும் விண்ணப்பம் போட்டோம், இருவரும் ஒரே சைக்கிளில் போனோம். உஸ்தாத்திடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அன்றைக்குப் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மைதானத்தில் கணுக்கால் தண்ணீர். ஆடிக் காட்ட வழியில்லை, பேப்பரைப் பார்த்தே எடுத்துவிடலாம் என்றார்கள். என் பேப்பரில் கோல் கோலாக இருந்தது. அவன் பேப்பரில் 'மாற்று ஆட்டக்காரர்' என்று ஒரு வார்த்தை இருந்தது.

அந்த அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இத்தனை கோலும் நீ அடிச்சதா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். ஒரு ஆளைப் பார்த்துக் கேட்கிற சாதாரணக் கேள்வி. "ஆமாம் சார்" என்றேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

அந்த இரண்டு வார்த்தையில் எனக்கு முப்பத்து மூன்று வருட வேலை, ஆதம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட், இப்போது பென்ஷன். அலுவலக டீமில் நான் பெனால்டி கார்னர் அடித்து ஒன்றும் கிழிக்கவில்லை. முட்டியில் அடிபட்டது என்று சொல்லி இரண்டாம் வருடமே ஒதுங்கிக்கொண்டேன். அவன் கடைசி வரை சீட்டு உறை தைத்தான். நான் வாங்கிய முதல் ஸ்கூட்டருக்கு அவன்தான் உறை போட்டான், இரட்டைத் தையல் போட்டு. வேலை நிரந்தரமானதும் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். நிரந்தரமானதும், கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் நினைப்பதையே விட்டுவிட்டேன். அவனும் ஒரு நாளும் கேட்கவில்லை. அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை போலிருக்கிறது என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது ரொம்ப வசதி.

அவனுக்குத் தொண்டையில் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் நான் ஒட்டிக்கொண்டேன். ஆதம்பாக்கத்திலிருந்து அடையாறு பக்கம்தான். நான் காலையில் ராயப்பேட்டைக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு அடையாறு வந்து, மறுபடி அவனை ராயப்பேட்டையில் விட்டுவிட்டு ஆதம்பாக்கம் போவேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. என் மனைவிக்கு ஆச்சரியம். அவன் மனைவி வாசலில் நின்று, "அண்ணே, கூடப் பொறந்தவங்ககூட இப்படி வர மாட்டாங்க, அல்லா ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்" என்பார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருக்கும். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்குவேன்.

சரி. அந்தச் செய்தி வந்த அன்று அவனை உள்ளே அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று தலைவருக்குப் போன் போட்டேன். எங்கள் தலைவர் அந்தக் காலத்துக் கோல்கீப்பர். முன்பல் நாலும் ஆட்டத்தில் போனவை.

"கோல் எதுவும் நான் அடிக்கலை" என்றேன். "எல்லாம் அவன். ரெண்டாவது பாதி. உங்களுக்கே தெரியுமே."

"டேய், நான் கோல்ல நின்னு முழு மைதானத்தையும் பாத்தவன். மூணாம் நம்பர் ஓடி வந்து அடிக்கும். இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது."

"மூணாம் நம்பர்தான். உள்ள இருந்தது நான் இல்ல."

"நீதான்டா. உன் முதுகு எனக்குத் தெரியாதா?"

தொண்ணூறு கெஜத்துக்கு அந்தப் பக்கமிருந்து அவர் பார்த்ததெல்லாம் ஒரு மெரூன் முதுகும் ஒரு வெள்ளை மூன்றும்தான். எனக்கும் அவனுக்கும் அப்போது ஒரே உயரம், ஒரே ஒல்லி. இடைவேளையில் சட்டை மாற்றிக்கொள்வோமே என்றேன். அவன் அப்பப்போ வருவான், நல்ல பையன்தான், ஆனால் ஸ்கோர் புத்தகம் பொய் சொல்லுமா என்றார். மேனேஜர் இருந்திருந்தால் சாட்சி சொல்லியிருப்பார். மேனேஜர் போய் வருடக் கணக்காகிறது. பந்தை நிறுத்திக் கொடுத்தவனும் போய்விட்டான். தள்ளிவிட்டவன்தான் துபாய் சென்டர் ஃபார்வர்ட், அவன் ஒன்பதுக்கு ஓய்வு கொடுக்காத கோபத்தில் யார் போனையும் எடுப்பதில்லை.

அன்று மாலை குழுவிலேயே எழுதினேன். நீளமாக, தெளிவாக, ஒன்று விடாமல் எழுதினேன். இந்த எண் எனக்கு வேண்டாம், அது என் நண்பனுடையது, அவன் பெயரைப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் பதில்கள் வந்தன. 'என்ன ஒரு பெருந்தன்மை!' 'இந்தக் காலத்தில் இப்படி ஒரு நட்பா!' 'உடல்நலமில்லாத நண்பனுக்குத் தன் பெருமையையே விட்டுக்கொடுக்கும் அண்ணன்!' ஒருத்தர் என் செய்தியை அப்படியே எடுத்து வேறு நாலு குழுக்களுக்கு அனுப்பிவைத்தார். பொய்யை ஒரு தலையாட்டலில் நம்பின ஊர், உண்மையை இரண்டு பக்கம் எழுதினாலும் நம்ப மாட்டேன் என்கிறது. போனைக் கட்டிலில் எறிந்தேன். அது மெத்தையில் விழுந்து ஒன்றும் ஆகாமல் கிடந்தது, அதற்கும் கோபம் வந்தது.

குறைந்தபட்சம் இரண்டு பேர் பெயரையும் போடுங்கள் என்று மறுபடி கேட்டேன். ஒரு எண்ணுக்கு இரண்டு பேரா, பார்க்கிறவன் சிரிப்பான், கண்ணாடிச் சட்டகத்துக்கு எழுத்துப் பலகை ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்றார் தலைவர்.

நண்பனிடம் மறுநாள் பஸ்ஸில் வைத்துச் சொன்னேன். வேறு வழி? யார் மூலமாகவாவது தெரிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். லஸ் முனையில் பஸ் நின்றிருந்தது. மூன்றாம் எண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள், என் பெயரில், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன் என்றேன். வேகமாக, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

அவன் பிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி ஒரு வாய் குடித்தான். விழுங்குவதற்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

"சட்டைக்கு ஓய்வா?" என்றான். "அது எப்பவோ கிழிஞ்சி போச்சேடா."

"புதுசா ஒண்ணு தச்சு மாட்டப் போறாங்க."

"பிரியாணி உண்டா?"

"உண்டு."

"நம்மளால துன்ன முடியாது" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சிரித்திருந்தாலும் கூடச் சிரித்துத் தொலைத்திருப்பேன். இரண்டும் இல்லை. அடையாறு வரும்வரை நான் டிக்கெட்டை மடித்து மடித்து எள்ளளவுக்கு ஆக்கிவிட்டேன்.

விழா மயிலாப்பூரில் ஒரு பங்குக் கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த பிறகு. அவன் வர வேண்டாம் என்று மனதார வேண்டிக்கொண்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கழுத்துத் துண்டோடு, அவன் சரியான நேரத்துக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தான். மேடையில் கண்ணாடிச் சட்டகத்துக்குள் மெரூன் சட்டை. பாலியெஸ்டர் துணி, பளபளவென்றிருந்தது. எங்கள் சட்டை அந்த நிறமே இல்லை. பித்தளைப் பலகையில் என் பெயர்.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். மைக்கைப் பிடித்து, இந்த எண்ணில் விழுந்த கோல்களை நான் அடிக்கவில்லை, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் நண்பன் அடித்தான் என்றேன். அந்தக் கோல்களைக் காட்டித்தான் வேலை வாங்கினேன் என்றேன். அது அவனுக்குப் போயிருக்க வேண்டிய வேலை என்றேன். கடைசி வாக்கியத்தில் அழுதுவிட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று. கண்ணில் தண்ணீரோடு ஒருவன் தன்னைத் தாழ்த்திப் பேசினால் நம் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். "இல்ல, நெஜமாத்தான் சொல்றேன், கேளுங்க" என்று நான் கத்தக் கத்த கைதட்டல் கூடியது. தலைவர் வந்து என்னைக் கட்டிப்பிடித்து, மைக்கை வாங்கி, "இதுதாங்க எங்க கிளப்பு" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். நோயோடு போராடும் நம் சகோதரர், மூன்றாம் எண் வீரருக்குத் துணையாக நின்ற மாற்று ஆட்டக்காரர் என்று சொல்லி அவனையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். படியேற நான் கை கொடுத்தேன். அவனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை வாயருகில் வைத்தார்கள்.

அவன் பேச முயன்றான். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, மைக்கில் காற்று மட்டும் பெரிதாகச் சீறியது. மறுபடியும் முயன்றான். மறுபடியும் காற்று. பிறகு விரலால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தான். அதற்கும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவன் என்ன சொல்ல வந்தான் என்று எனக்குத் தெரியவில்லை, அவனிடமிருந்து மைக்கைப் பிடுங்கி நானே சொல்லிவிடலாம் என்றால் எனக்கும் என்ன தெரியும்?

பிரியாணி வாசனை வர ஆரம்பித்ததும் வெளியே வந்துவிட்டோம். பஸ் நிறுத்தத்தில் வெயில். பொன்னாடையை நாலாக மடித்துத் தலைமேல் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்தான். பிளாஸ்கிலிருந்து கொஞ்சம் குடித்தான். கொஞ்ச நேரத்தில் குரல் திரும்பி வந்தது, நூலாக.

"நல்லாத்தான் பேசுன" என்றான்.

"ஒருத்தனும் நம்பலையே."

இரண்டு பஸ் போயிற்று. எதுவும் ராயப்பேட்டை இல்லை.

"ஒனக்கு வேலை ஆர்டர் வந்துச்சே, அன்னிக்கு ஒங்க வூட்டுக்கு வந்தேன். தெரியுமா?"

தெரியாது. எனக்கு யாரும் சொன்னதில்லை.

"நீ குளிச்சிக்கினு இருந்த. வாத்தியாருதான் கதவத் தொறந்தாரு. கேக்கணும்னுதான் வந்தேன். வாடா, ரெண்டு பேரும் போயி நெசத்த சொல்லிட்டு வரலாம்னு." நிறுத்தி, மூச்சு வாங்கினான். "அவரு கையில ஒரு நோட்டு. பேப்பர வெட்டி வெட்டி ஒட்டி வச்சிருந்தாரு. நான் அடிச்ச கோல எல்லாம் எனக்கே ஒவ்வொண்ணா படிச்சுக் காட்னாரு. அப்பறம் ஒரு லட்டு குடுத்தாரு. துன்னுட்டு வந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றேன். எந்த வாயால் அதைக் கேட்டேனோ.

"நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன், மச்சி." கோபமே இல்லாமல் சொன்னான். "அன்னிக்கு சொல்லியிருந்தா எனக்கு வேலை. இன்னிக்கு சொன்ன, கைதட்டும் ஒனக்குத்தான் கெடச்சிது."

அவன் பஸ் வந்தது. முழங்காலில் கையை ஊன்றி எழுந்தான். நான் கை நீட்டினேன், பிடித்துக்கொண்டான், பிடித்துக்கொள்ளாமல் அவனால் ஏற முடியாது. படியில் நின்று திரும்பினான்.

"நாளைக்கு சீக்கிரமா வா. திங்கக்கெழமை ஆஸ்பத்திரில கூட்டம் ஜாஸ்தியா கீது" என்றான்.

சரி என்றேன்.